சந்தேகநபர் என்றால் கள்ளனா?



ஒரு மௌலவிக்குப் படத்தையும் நாடகத்தையும் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆகும், ஆகாது என்ற சட்டப் பிரச்சினையை நான் இந்தப் பக்கத்தில் எடுக்கவில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு.

1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பு ஆரம்பமான காலத்தில் ஊருக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள்தான் இருந்தன. பெட்டி உள்ள வீட்டு ஜன்னலில் பத்துத் தலைகள் தெரியும். இன்று பசறை, ஹாலிஎல, தெமோதரை என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்துக் கூரைகளில் வட்ட வட்டமாக அன்டனாக்கள். வீட்டுக்குள் ஆளுக்கொரு கைத்தொலைபேசி. வகுப்பில் பாடம் முடிந்து நான் கிதாபை மூடுமுன்பே பின்வரிசையில் நேற்றைய நாடகத்தின் கதை தொடங்கிவிடுகிறது. “பார்க்காதே” என்று சொல்லிவிட்டு நாம் கடமை முடிந்ததென்று இருக்கலாம். அவர்கள் பார்ப்பது நிற்கப் போவதில்லை. என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்த ஆசிரியரும் பெற்றோரும்தான் அதைப் பற்றி அவர்களோடு பேச முடியும்.

இம்முறை நான் பார்த்தவை நான்கு. ஒரு தமிழ்த் தொடர் நாடகத்தின் சில அங்கங்கள், ஒரு பழைய தமிழ்ப் படம், நம்முடைய மலையகத்தில் கதை நடக்கும் ஒரு புதிய படம், ஓர் ஈரானியப் படம். ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு. ஆனால் பார்த்து முடித்துவிட்டு யோசித்தபோது நான்கும் ஒரே விடயத்தைத்தான் பேசுகின்றன என்று தோன்றியது. மனிதன் மனிதன் மீது கொள்ளும் சந்தேகம்தான் அந்த விடயம்.

கதவுக்குப் பின்னால் ஒரு காது

தொடர் நாடகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த நாடகமானாலும் கதை ஒன்றுதான் என்பது உங்களுக்கும் தெரியும்.

மருமகள் தொலைபேசியில் யாரோடோ பேசுகிறாள். “அவருக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறாள். கதவுக்குப் பின்னால் மாமி நிற்கிறார். உடனே இடி இடிக்கிற மாதிரி ஓர் இசை. மாமியின் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். அப்புறம் கொழுந்தன் முகம், நாத்தனார் முகம், சமையற்காரியின் முகம். மருமகள் பேசியது கணவனின் பிறந்தநாளுக்கு வாங்கப் போகும் கைக்கடிகாரத்தைப் பற்றி. அது நமக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவே அடுத்த முப்பது அங்கங்கள் ஓடுகின்றன.

எங்கள் வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். “அந்த மாமி நேராகப் போய், ‘மகள், யாரோடு பேசினாய்?’ என்று கேட்டால் என்ன நடக்கும்?” என்றேன். “நாடகம் முடிந்துபோகும்” என்று மறுமொழி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாருங்கள், சிரிப்புக்குள் உண்மை இருக்கிறது. இந்த நாடகங்களில் யாரும் யாரிடமும் நேராகக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் கதை இல்லை.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை ஓதியவர்களுக்கு ஒரு விடயம் நினைவுக்கு வரும். அந்த ஒரே வசனத்தில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து விலக்கப்படுகின்றன. வீணாகச் சந்தேகப்படுவது முதலாவது. பிறரது அந்தரங்கத்தைத் துருவித் துருவிப் பார்ப்பது இரண்டாவது. புறம் பேசுவது மூன்றாவது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் மனதில் சந்தேகம் வருகிறது. அதை நிரூபிக்க உளவு பார்க்கிறோம். பார்த்ததையும் பாராததையும் சேர்த்து நாலு பேரிடம் சொல்கிறோம். நம்முடைய தொடர் நாடகம் நிற்பது இந்த மூன்று கால்களின் மீதுதான். மூன்றில் ஒன்றை எடுத்தாலும் முக்காலி சாய்ந்துவிடும்!

எல்லா நாடகங்களும் இப்படித்தான் என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியாகாது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’யும், 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யும் ஓடிய நாட்களில், மாலை நேரம் ஊரே அடங்கிப்போனது பலருக்கு நினைவிருக்கும். ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண் பிள்ளைகளைக் கரையேற்றப் பாடுபடும் ஒரு தகப்பனின் கவலை இருந்தது. அந்தக் கவலை நம் வீட்டுக் கவலை. கதவுக்குப் பின்னால் நிற்கும் காது நம் வீட்டில் இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எல்லோரும் கைகாட்டினார்கள்

பழைய படம் ‘அந்த நாள்’. 1954இல் வெளிவந்தது. ஏ.வி.எம். தயாரிப்பு. வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர்தான் இயக்குநர். பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று பெயர் பெற்றது. இளைஞர்கள் இதைப் பார்க்க வேண்டும். பாட்டும் சண்டையும் இல்லாமல் எழுபது வருடங்களுக்கு முன்னரே நம்மவர்கள் இப்படியொரு கதையை நம்பிப் படம் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்துச் சென்னை. சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் படம் தொடங்கிய உடனேயே சுட்டுக் கொல்லப்படுகிறது. துப்பறியும் அதிகாரி வருகிறார். வீட்டிலும் அயலிலும் உள்ள ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் கொலைகாரர் வேறு ஒருவர்!

கொலைகாரர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. என் மனதில் பட்டது வேறு. ஒருவர் யாரைக் கைகாட்டுகிறார் என்பதில், கைகாட்டப்பட்டவரைப் பற்றி நாம் அறிவது குறைவு. கைகாட்டுபவரைப் பற்றித்தான் அதிகம் அறிகிறோம். அவருக்கு யார் மீது கோபம், எவரோடு பணத் தகராறு, எதில் பொறாமை என்று எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. சந்தேகம் என்பது ஒரு கண்ணாடி மாதிரி. அதில் தெரிவது பெரும்பாலும் சந்தேகப்படுபவரின் முகம்.

மலையகத்தில் ஒரு திருட்டு

இனி நம் மண்ணுக்கு வருவோம். தேயிலை மலையைச் சினிமாவில் நாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். கதாநாயகனும் கதாநாயகியும் கைகோத்து ஓடுவார்கள். பின்னால் கூடையோடு சில பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கூடை கனமானதா, அட்டை கடித்ததா, அன்று எத்தனை கிலோ கொழுந்து என்று எந்தப் படமும் கேட்காது. 2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’ அதைக் கேட்டது. தோட்டத்து வைத்தியராக இருந்த பி.எச். டானியல் எழுதிய நாவலைத் தழுவிய அந்தப் படத்தில், கங்காணியின் இனிப்பான பேச்சை நம்பி நடந்து போனவர்கள் எப்படித் திரும்ப முடியாமல் போனார்கள் என்று பார்த்தோம். அது தென்னிந்தியத் தோட்டத்தின் கதை. ஆனாலும் ஊவாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியாது.

தொலைக்காட்சிச் செய்தியிலும் தோட்ட மக்களை எப்போது காட்டுகிறார்கள்? சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது காட்டுகிறார்கள். மலை சரியும்போது காட்டுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது எல்லாக் கமெராக்களும் வந்தன. சில நாட்களில் எல்லாம் திரும்பிப் போயின.

இந்தப் பின்னணியில்தான் பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ படத்தைப் பார்த்தேன். 2023இல் வெளிவந்தது. தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. சிங்களம், தமிழ், மலையாளம், ஆங்கிலம் எல்லாம் கலந்த படம். நம் நாட்டில் நான்கு பேர் கூடினால் பேசுவது போலவே இருக்கிறது.

காலம் 2022. பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த அந்த வருடத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த நேரத்தில் கேரளத்தைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி தங்கள் திருமண நாளைக் கொண்டாட இலங்கைக்கு வருகிறார்கள். கணவர் கேசவ், திரைத்துறைக்காரர். மனைவி அமிர்தா. இராமாயணத் தலங்களைக் காட்டும் சுற்றுலா. மலையகத்தில் ஒரு பங்களாவில் தங்குகிறார்கள். ஓர் இரவு யாரோ உள்ளே புகுந்து மடிக்கணினியையும் கைத்தொலைபேசிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேசவ் பொலிஸை நெருக்குகிறார். தன் தொழில் முழுவதும் அந்தக் கணினிக்குள் இருக்கிறது என்கிறார். அவருடைய பதற்றம் நமக்கும் விளங்குகிறது. பொலிஸ் சார்ஜன்ட் பண்டாரவுக்கோ மேலிடத்து நெருக்குதல். யாரையாவது பிடித்தாக வேண்டும். யாரைப் பிடிப்பார்? தோட்டத்துத் தமிழ் இளைஞர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இவர்கள்தானா என்று கேட்கிறார். இருட்டில் வந்து போனவர்கள். அமிர்தா தயங்குகிறார். கேசவ் தயங்கவில்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நடப்பதைத்தான் படம் காட்டுகிறது. அடி விழுகிறது. அடிபட்டவர்களில் ஒருவர் இறந்துபோகிறார். தோட்டமே திரண்டு எழுகிறது. முடிவை நான் சொல்லவில்லை. பார்க்கக்கூடியவர்கள் பார்க்கட்டும். ஆனால் இது வளர்ந்தவர்களுக்கான படம், சிறு பிள்ளைகளோடு பார்க்கக்கூடியது அல்ல என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

படம் முடிந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. கேசவ் கெட்ட மனிதர் அல்லர். படித்தவர். மனைவியை நேசிப்பவர். பொருள் தொலைந்தது உண்மை. கோபமும் உண்மை. ஆனால் தான் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லிவிட்டார். ஏன் அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடிந்தது? எதிரில் நின்றவர்கள் ஏழைகள். அவர்களுடைய ஏழ்மையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. 2022இல் ஒரு நல்ல மடிக்கணினியின் விலை அவருடைய ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. ‘இல்லாதவன்தானே எடுத்திருப்பான்’ என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அது கணக்கு மட்டும்தான். சாட்சி அல்ல.

இந்த மக்களுக்கு இது புதிதும் அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. நீ இந்த நாட்டவன்தானா என்று ஒரு முழுச் சமூகத்தையே சந்தேகித்தார்கள். இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கேயே மண்ணானவர்களின் பிள்ளைகள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இராமாயணச் சுற்றுலா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வெலிமடையில் இருந்து நுவரெலியா போகும் பாதையில் திவுரும்பொல என்று ஒரு விகாரை இருக்கிறது. கணவனின் சந்தேகத்தைப் போக்க சீதை தீயில் இறங்கிய இடம் என்று அங்கே வரும் பக்தர்கள் நம்புகிறார்கள். ‘திவுரும்’ என்றால் சிங்களத்தில் சத்தியம். நம்முடைய வரலாற்றிலும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு எழுந்து, மதீனாவில் ஒரு மாத காலம் வாய்க்கு வாய் பரவியது. அவர்கள் தூய்மையானவர்கள் என்பதை சூரத்துந் நூர் அறிவித்தது. அதோடு, அப்படியொரு பேச்சைக் கேட்டதும் நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று கேட்டவர்களையும் கண்டித்தது. வெவ்வேறு சமயங்கள், வெவ்வேறு வரலாறுகள். ஆனால் காரணமில்லாமல் சந்தேகிக்கப்பட்டவரின் கண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பாதி வழியில் திரும்பிய பிள்ளைகள்

‘பரடைஸ்’ தந்த பாரத்தை இறக்கி வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. மஜீத் மஜீதியின் ஈரானியப் படத்தைப் பிள்ளைகளோடு இருந்து மீண்டும் பார்த்தேன். 1997இல் வந்தது. ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ என்று உலகமெங்கும் அறியப்பட்டது. இதைத் தழுவி 2022இல் தமிழில் ‘அக்கா குருவி’ என்றும் ஒரு படம் வந்திருக்கிறது. குடும்பத்தோடு இருந்து எந்தத் தயக்கமும் இல்லாமல் பார்க்கக்கூடிய படம் வேண்டும் என்று கேட்கும் வாசகர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அலி என்ற சிறுவன் தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைத்துக்கொண்டு வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் புதிய சப்பாத்து வாங்கப் பணம் இல்லை என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். சொல்லாமல் மறைத்து, அலியின் ஒரு சோடியையே இருவரும் மாறி மாறிப் போடுகிறார்கள். அவளுக்குக் காலைப் பாடசாலை. அவனுக்குப் பின்னேரப் பாடசாலை. அவள் ஓடி வந்து கழற்றிக் கொடுக்க, அவன் போட்டுக்கொண்டு ஓடுகிறான்.

ஒருநாள் பாடசாலையில் ஸஹ்ரா தன் சப்பாத்தை இன்னொரு பிள்ளையின் காலில் காண்கிறாள். ரோயா என்பது அந்தப் பிள்ளையின் பெயர். யோசித்துப் பாருங்கள்! பொருள் கண்முன்னே இருக்கிறது. தன்னுடையதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. அண்ணனும் தங்கையும் ரோயாவைப் பின்தொடர்ந்து அவள் வீடு வரை போகிறார்கள். ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். வாசலுக்கு வந்த ரோயாவின் தகப்பனுக்குக் கண் தெரியாது. இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி நடக்கிறார்கள்.

அதே ரோயாதான் ஸஹ்ரா தவறவிட்ட பேனையை எடுத்து வைத்திருந்து அவளிடமே திருப்பிக் கொடுக்கிறாள். அவள் கள்ளி அல்லள். சப்பாத்து எப்படியோ கைமாறி அவளிடம் வந்திருக்கிறது. அன்று அந்த வாசலில் நின்று “கள்ளி” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்?

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில், காணாமலேயே விரல் நீட்டிய படித்த மனிதர். மற்றதில், கண்ணால் கண்டும் வாய் திறக்காமல் திரும்பிய இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் படத்திலேயே விடை இருக்கிறது. அவர்களுடைய வாப்பா பள்ளிவாசலுக்கான சீனிக் கட்டிகளை வீட்டில் வைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார். தேநீருக்குச் சீனி கேட்கிறார். இவ்வளவு சீனி முன்னால் இருக்கிறதே என்று மகள் காட்டுகிறாள். அது பள்ளிவாசலுடையது என்கிறார் வாப்பா. அவ்வளவுதான். உபதேசம் இல்லை, பின்னணி இசை இல்லை. பிறர் பொருளில் ஒரு கட்டி சீனியைத் தொடாத தகப்பனின் பிள்ளைகள், பிறர் மானத்தையும் அப்படித்தான் தொடமாட்டார்கள்.

நம் கடையில், நம் வீட்டில்

இனி நாம் நம்மிடம் வருவோம். படத்தைப் பற்றிப் பேசுவது இலகு. கடையைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் கொடூரத்துக்குப் பின்னர் நம்முடைய சமூகம் பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு சிலர் செய்த பாதகத்துக்காக, ஒன்றும் அறியாத மனிதர்களைப் பஸ்ஸில் வேறு விதமாகப் பார்த்தார்கள். உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள். குருநாகலில் பணியாற்றிய ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு செய்தி பரவி, அவர் சிறைக்குப் போனார். தொலைக்காட்சிகள் இரவு பகலாக அதைப் பேசின. பின்னர் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 2022இல், நாட்டில் மருந்து இல்லாத அந்த நேரத்தில், தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்குவதற்காகச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார் அந்த மனிதர். சந்தேகத்துக்கு அவர் சொன்ன பதில் அது!

அந்த நாட்களில் நாம் என்ன சொன்னோம்? “ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் சந்தேகப்படலாமா?” என்றோம். நியாயமான கேள்வி. இப்போது அதே கேள்வியை நம் பக்கம் திருப்பிக் கேட்டுப் பார்ப்போம்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் நம்மவர்களின் கடைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். வீடுகளில் உதவிக்கு வரும் பெண்களில் பலரும் தோட்டத்தில் இருந்துதான் வருகிறார்கள். மாலையில் லாச்சியை எண்ணும்போது ஆயிரம் ரூபாய் குறைகிறது. முதலில் யாருடைய பையைத் திறந்து பார்க்கிறோம்? மேசை மேல் வைத்த மோதிரம் காணவில்லை. முதலில் யாருடைய பெயர் வாயில் வருகிறது? கடைக்கு வந்து போன நம் சொந்தக்கார இளைஞனின் பெயரா, அல்லது லயத்தில் இருந்து வந்த பையனின் பெயரா? சம்பள நாளில் தோட்டத்துக் குடும்பம் ஒன்று கடைக்குள் வந்தால், துணியைக் காட்ட ஒருவரையும் கையைப் பார்க்க ஒருவரையும் நிறுத்துகிறோமா இல்லையா?

எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துப் பையனைச் சொந்த மகனைப் போல வளர்த்து, தொழில் பழக்கி, தனிக் கடை வைத்துக் கொடுத்த முதலாளிமாரும் நம்மில் இருக்கிறார்கள். திறப்பை நம்பிக் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆனால் மோதிரம் தலையணை உறைக்குள் இருந்து கிடைத்த பிறகு, “மன்னித்துக்கொள் பிள்ளை” என்று அந்தப் பையனிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்? மோதிரம் கிடைத்துவிடுகிறது. பையைத் திறந்து காட்டியபோது அவன் முகம் மாறியதே, அது திரும்பி வருமா?

திருட்டு நடந்தால் விசாரிக்கக் கூடாது என்று யாரும் இதை விளங்கிக்கொள்ள வேண்டாம். வியாபாரத்தில் கணக்கு வேண்டும், கவனம் வேண்டும். லாச்சியைத் தினமும் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணுங்கள். சாமானுக்குப் புத்தகம் வையுங்கள். சோதனை என்று வந்தால் முதலாளியின் மகன் முதல் கடைசிப் பையன் வரை எல்லோருக்கும் ஒரே சோதனை வையுங்கள். ஒழுங்கு இருக்கும் இடத்தில் சந்தேகத்துக்கு வேலை குறைவு.

பிள்ளைகளோடு இருந்து பாருங்கள்

இன்னும் ஒரு விடயம். நம் நாட்டுத் தமிழ்ச் செய்திகளில் ‘சந்தேகநபர்’ என்றொரு சொல் நாளுக்குப் பத்துத் தடவை வருகிறது. “சந்தேகநபர் கைது செய்யப்பட்டார்” என்று சொல்லி, துணியால் முகம் மூடிய ஒருவரைக் காட்டுகிறார்கள். அண்மையில் பக்கத்தில் இருந்த சிறு பிள்ளை ஒன்று கேட்டது, “சந்தேகநபர் எண்டா கள்ளனா?” என்று. நல்ல கேள்வி. பெரியவர்களான நாமே அந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டோம். சந்தேகநபர் என்றால் இன்னும் ஒன்றும் நிரூபிக்கப்படாதவர். நீதவான் விசாரித்து முடிவு சொல்லும் வரை அவரும் உங்களையும் என்னையும் போன்ற ஒரு மனிதர். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? செய்தி வாசிப்பவருக்கு அதற்கு நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் வாப்பாவும் உம்மாவும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தாய்மார்களுக்கு என்னுடைய வேண்டுகோள் இது. நாடகம் பார்க்கும் வீடுகளில் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருங்கள். விளம்பரம் வரும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். “அந்த மாமி கேட்டது முழுப் பேச்சா, பாதிப் பேச்சா?” “அவள் என்ன செய்திருக்கலாம்?” “உன் கூட்டாளியைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் நீ முதலில் யாரிடம் போய்க் கேட்பாய்?” பிள்ளைகள் சொல்லும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். கெட்ட நாடகத்தைக்கூட நல்ல பாடமாக்க அந்த ஐந்து நிமிடம் போதும்.

முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது தொலைந்தால், ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லுமுன் ஒரு நாள் பொறுங்கள். தேட வேண்டிய இடமெல்லாம் தேடுங்கள். கேட்க வேண்டியவரிடம் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். முன்பு எப்போதாவது அப்படி ஒரு பையனைத் தவறாகச் சந்தேகித்திருந்தால், அவன் இன்று ஸ்பிரிங்வெலியிலோ கொழும்பிலோ எங்கிருந்தாலும், ஒரு தொலைபேசி எடுத்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

நீங்கள் அண்மையில் பார்த்ததில் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தது எது என்று எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம். வஸ்ஸலாம்.